தீமிதி ஞாயிறுக்கு நான் கேட்டு வாங்கிய டூட்டி

விமானம் ஓட்டுகிறவனுக்கு வானத்தைவிட ரோஸ்டர்தான் பெரிய கவலை. அடுத்த மாதம் எந்த நாள் பறக்கிறோம், எந்த நாள் வீட்டில் இருக்கிறோம் என்று விருப்பத்தை வரிசைப்படுத்திக் கம்ப்யூட்டரில் போட வேண்டும். சீனியர்களுக்குப் போக மிச்சம்தான் மற்றவர்களுக்கு. புதுப்பசங்கள் எல்லா ஞாயிறும் லீவு, எல்லாப் பண்டிகையும் லீவு என்று கேட்டு வெறுங்கையோடு நிற்பார்கள். நான் ஒன்றே ஒன்றை முதலில் வைப்பேன், மற்றதையெல்லாம் விட்டுக்கொடுப்பேன். யாரும் தொடாத விடிகாலை டூட்டிக்குச் சரி என்பேன். வேண்டிய நாள் பெரும்பாலும் கிடைத்துவிடும். கூட வேலை செய்கிறவர்கள் என்னை ரோஸ்டர் ஜோசியர் என்றே கூப்பிடுவார்கள்.

சித்தூரில் எங்கள் வீட்டுக்கு மட்டும் இது தெரியாது. "கம்ப்யூட்டர் போடுது, நான் இன்னா பண்றது?" என்பதுதான் அங்கே என் பாட்டு. எனக்குப் பிடிக்காத கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் பாவம் அந்தக் கம்ப்யூட்டர்தான் பழி சுமந்தது.

பாலசமுத்திரம் பக்கத்தில் எங்கள் சொந்த ஊர். எனக்கு வேலை கிடைத்தால் திரௌபதியம்மனுக்குத் தீ மிதிப்பேன் என்று என் பேரில் நைனா வேண்டிக்கொண்டிருந்தார். வேலையும் கிடைத்தது, வேண்டுதல் மட்டும் வருஷக்கணக்கில் பாக்கி நின்றது. காப்புக் கட்டியவன் தீமிதி முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பதால் தொடர்ச்சியாக லீவு வேண்டும். அதை வாங்க எனக்குத் தெரியும். "கேட்டியாடா? இன்னா சொல்றாங்க?" என்று நைனா போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு நெருப்பென்றால் பயம். ஊரே பைலட்டு, பைலட்டு என்று கொண்டாடும்போது அதை எந்த வாயால் சொல்வது? தீமிதி விழுந்தது எல்லாரும் லீவுக்கு அடித்துக்கொள்கிற ஞாயிற்றுக்கிழமையில்; அன்றைக்கு நான் டூட்டி கேட்டேன், அதுவும் முதல் விருப்பமாக. போட்டிக்கு ஆளே இல்லை, கிடைக்காமல் போகுமா?

"கம்ப்யூட்டர் லீவு குடுக்கல நைனா."

"உடு கண்ணு. அம்மாவுக்கு நேந்துக்கினத பாக்கி வெக்கக் கூடாது. ஒனக்குப் பதிலு நான் எறங்கிக்கிறேன்."

நைனா சர்க்கரை வியாதிக்காரர். பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது, செருப்பில்லாமல் வாசலுக்குக்கூடப் போகாதீர்கள் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். வேண்டாம் என்று போனிலேயே கத்தினேன், கெஞ்சினேன். உண்மையை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நின்றிருப்பார். டூட்டியை யாரிடமாவது மாற்றிக்கொள்ளக்கூட நேரம் இருந்தது, அதையும் செய்யவில்லை.

அவர் இறங்கினார். சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. கொப்புளம் புண்ணாகிப் புரையோடி, திருப்பதி ஆஸ்பத்திரியில் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பையன் வரத்தான் துடித்தான், கம்பெனிதான் விடவில்லை என்று நர்ஸம்மாவிடம் தெலுங்கில் எனக்காகப் பரிந்து பேசினார். நான் மாத்திரைச் சீட்டைப் படிப்பதுபோலக் குனிந்துகொண்டேன். என்னைப் போல ஒரு கோழை உண்டா என்று இருந்தது.

அடுத்த மாதத்துக்கு, கட்டு மாற்றுகிற நாட்களையெல்லாம் லீவாகக் கேட்டேன். ஒன்று விடாமல் கிடைத்தது. சித்தூரிலிருந்து திருப்பதிக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். நைனா பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு உற்சாகமாக இருந்தார்.

"பாத்தியாடா, நான் நெருப்புல எறங்கனது வீண் போவல. அம்மா கண்ணத் தொறந்துட்டா. இப்ப நீ கேட்டதெல்லாம் கம்ப்யூட்டரு குடுத்துக்கினு கீது."

"ஆமா நைனா" என்றேன்.