டிச் பட்டனில் நின்ற எருமை

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருடம் யோசித்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பூந்தமல்லியில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். எழுத்துக்குப் பயந்தது பாதி என்றால், மீதிப் பாதி வேறு பயம். ஐந்து வேளை தொழுகிறவன் ஓர் எருமைப் படத்துக்காக நடு மைதானத்தில் நின்று பேசினான் என்று படித்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? ஒவ்வொரு ரமலானிலும் நோட்டைத் திறப்பேன், மூடிவிடுவேன். இந்த முறை பிஸ்மில்லாஹ் சொல்லி ஆரம்பித்துவிட்டேன். என் உள்ளத்தை அல்லாஹ் அறிவான்.

எருமை எங்கள் கால்பந்து கிளப்பின் சின்னம். நான் கிளப்பில் ஆடிய காலத்தில் எங்கள் மைதானத்துக்கு வேலி கிடையாது. பக்கத்து ஏரியில் கிடந்து எழுந்த எருமைகள் நேரே வந்து கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்கும். விரட்டினாலும் போகாது. ஆவடியிலிருந்து வந்த அணியோடு ஒரு நாள் ஆட்டம். அவர்கள் அடித்த பந்து எங்கள் கோல்கீப்பரைத் தாண்டிவிட்டது. போச்சு என்று நான் கண்ணை மூடினேன். கோட்டின் மேல் நின்றிருந்த எருமையின் வயிற்றில் 'தொம்' என்று பட்டுப் பந்து திரும்பி வந்தது. நடுவர் கொஞ்ச நேரம் எருமையையே பார்த்துவிட்டு, கோல் இல்லை என்று கையை ஆட்டினார்.

"போங்கடா, எருமைங்களா!" என்று ஆவடிக்காரர்கள் கத்தினார்கள்.

எங்கள் கோல்கீப்பர் கோவில்பதாகை ஊர்க்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. அவர் நெஞ்சைத் தட்டிக்கொண்டு, "ஆமாண்டா, எருமைதான். இன்னா இப்போ?" என்றார். அடுத்த மாதமே எங்கள் சட்டையில் கொம்பு முளைத்தது.

அதைத் தைத்தவன் நான். அங்கேதான் எனக்கு ஒரு சிக்கல். உருவம் பதித்த உடையோடு தொழுவது எங்களுக்கு உகந்ததல்ல. மாலை ஆட்டத்தின் இடைவேளையும் மக்ரிப் தொழுகை நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். அதனால் எங்கள் ஆட்கள் ஐந்து பேர் சட்டைக்கு மட்டும் எருமையைத் தனித் துணியில் வெட்டி, நாலு மூலையிலும் டிச் பட்டன் வைத்தேன். இழுத்தால் கையோடு வந்துவிடும், அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். கோல்கீப்பர் அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா பாய், உன் எருமைக்கு மட்டும் பட்டனு, என் எருமைக்குத் தையலா? எல்லாத்துக்கும் போடு."

எல்லாத்துக்கும் போட்டேன்.

முதல் நாள் இடைவேளையில் ஐந்து எருமைகளையும் கழற்றிவிட்டோம். எங்கே வைப்பது? தரை சேறு. கிளப் சின்னத்தைச் சேற்றில் போட மனம் வரவில்லை. கோல்கீப்பர் கையுறையைக் கழற்றி அதன் வாயை விரித்துப் பிடித்தார். "குடு பாய், நான் மேய்ச்சிக்கினு கீறேன். நீ போய்த் தொழுதுட்டு வா."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. நாங்கள் அரை டிராயருக்கு மேல் கைலியைச் சுற்றிக்கொண்டு கோலுக்குப் பின்னால் வரிசையாக நிற்போம். அவர் கையுறைக்குள் எருமைகளை வைத்துக்கொண்டு, எங்களுக்குக் குறுக்கே யாரும் நடந்துவிடாதபடி காவல் நிற்பார். எதிரணி ஆட்கள் வந்தால், "சுத்தினு போ நைனா, தொழுறாங்க இல்ல?" என்பார். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பினால் கையுறை எங்களுக்காக நீளும்.

முட்டி போனபிறகு நான் ஆட்டத்தை விட்டேன். மைதானத்தை விடவில்லை. சட்டை தைப்பதும், வெளியே நின்று தொண்டை கிழியக் கத்துவதும், இடைவேளையில், இப்போது அணியில் ஆடும் எங்கள் ஆட்கள் வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரோடு தொழுவதும் தொடர்ந்தன. கோல்கீப்பர் மட்டும் வயதாகியும் கோலை விடவில்லை.

பிறகு புதுச் செயலாளர் வந்தார். மதுரைப் பக்கத்துப் பிள்ளை. கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, ஐயப்பன்தாங்கலில் ஃப்ளாட். நல்ல மனுஷர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைதானத்துக்கு வேலி போட்டதும், பெண் பிள்ளைகளுக்கு ஓர் அணி கொண்டுவந்ததும் அவர்தான். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடையைத் திறக்கும்போது வந்து போனை நீட்டினார். ஒரு கேடயம், அதற்குள் இரண்டு ஆங்கில எழுத்து, குறுக்கே ஒரு மின்னல்.

"எப்படிண்ணே இருக்கு?"

"எருமை எங்க தம்பி?"

"வேண்டாம்ணே. வெளியூருக்கு ஆடப் போனா சிரிக்கிறாய்ங்க. அதுவும் போக, உங்களுக்காகவும்தான் மாத்துறேன். எத்தனை வருஷமாக் கழட்டி மாட்டிக்கிட்டு இருக்கீங்க? இதுல உருவமே இல்ல. சட்டையோட பிரிண்டு. அப்படியே நின்னு தொழலாம்."

அவர் முகத்தில் அக்கறை தெரிந்தது. அதனாலேயே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடை ஷட்டரைத் தூக்கினேன். வீட்டில் என் அண்ணனும், "உருவம் தொலைஞ்சா நல்லதுதானே? நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?" என்றார். அதிலும் தப்பில்லை.

மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுப் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. கழற்றுகிற வேலை இல்லையென்றால் கையுறை நீளாது. கையுறை நீளாவிட்டால், நாங்கள் ஒரு பக்கம் தொழுவோம், மற்றவர்கள் ஒரு பக்கம் தண்ணீர் குடிப்பார்கள். யாருக்கும் ஒரு குறையும் இருக்காது. ஆனால் அந்த ஐந்து நிமிடம் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கூட்டம். எங்கள் கிளப்பில் சீட்டு எழுதிப் போடும் பழக்கம் இல்லை. இரண்டு கோலுக்கும் ஆள் பிரிந்து போய் நிற்போம். எந்தப் பக்கம் தலை அதிகமோ அதுதான் முடிவு. கிழக்குக் கோல் எருமைக்கு, மேற்குக் கோல் கேடயத்துக்கு.

ஃப்ளாட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர், "எமனோட வாகனம் சார் அது. அதப்போய் நெஞ்சுல குத்திக்கிட்டு..." என்று இழுத்தார்.

"நல்லதுதான சார், எதிர் டீமு பயந்துகினு ஓடட்டும்," என்றார் கோல்கீப்பர்.

மைதானத்து வாசலில் சுண்டல் விற்கும் அக்கா எழுந்துவிட்டார். "மின்னலாம் மின்னல்! நாளைக்கு 'மின்னல், மின்னல்'னு கத்தினா மழை வருதுன்னு ஜனம் ஊட்டுக்குப் பூடும்."

சிரிப்பு அடங்கியதும் செயலாளர் சொன்னார்: "விளையாட்டு இல்லீங்க. பாய் வீட்டுப் பிள்ளைங்க நாலு பேர் ஒவ்வொரு மேட்ச்சுலயும் சிரமப்படுறாங்க. அவங்களுக்காகவாச்சும் மாத்தணும்."

எருமைப் பக்கம் நடக்க ஆரம்பித்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். கோல்கீப்பர் தலையைக் குனிந்துகொண்டார். எங்களுக்காக என்று சொன்னபின் அவர் வாய் திறக்கமாட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. நான் போட்டிருந்த கிளப் சட்டையிலிருந்து எருமையை இழுத்துக் கையில் எடுத்தேன்.

"தம்பி, இதக் கழட்டுறது எனக்குச் சிரமம் இல்ல. நாலு பட்டன். இத நான் கும்புடவும் இல்ல. ஆனா கழட்டினா வாங்கி வச்சுக்க ஒரு கை இருக்கு. இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட, சீக்கிரம் முடிங்கன்னு அந்தக் கை சொன்னதில்ல. கேடயத்த நான் யார்கிட்ட குடுத்துட்டுத் தொழுறது?"

அவ்வளவுதான் பேசினேன். கிழக்கே நடந்தேன். எங்கள் பிள்ளைகள் நாலு பேரும் பின்னால் வந்தார்கள். அப்புறம் சுண்டல் அக்கா. அப்புறம் எண்ண முடியாதபடி ஆட்கள். எமன் வாகனம் என்ற பெரியவரும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மேற்குக் கோலில் செயலாளரும் இன்னும் சிலரும்தான். அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு, மைதானத்தின் முழு நீளமும் நடந்து எங்களிடம் வந்தார். "ஏண்ணே, இதக் கடையிலயே சொல்லியிருக்கலாம்ல?" என்று என் தோளில் கை போட்டார்.

கோல்கீப்பர் முகத்தை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டு, "இன்னா பாய், இம்மாம் பேச்சு பேசுற!" என்றார்.

அடுத்த ஆட்டம் அம்பத்தூர் அணியோடு. இடைவேளையில் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். தொழுது முடிப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். அவசரத்தில் கோல்கீப்பரே நாலு பேர் நெஞ்சிலும் எருமையை அழுத்திவிட்டார். நாலும் தலைகீழ்! கால் வானத்தைப் பார்க்க, பிள்ளைகள் ஓடுகிறார்கள்.

"டேய் மாமே, எருமை மல்லாந்துச்சு டோய்! பால் ஊத்துங்கடா!" என்று அம்பத்தூர்க் கூட்டம் குதித்தது.

எங்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மதுரைத் தமிழில் வெடித்தது: "சாகலடா! உங்க கோல்ல வந்து படுக்கப்போகுது!" செயலாளர்தான், வேலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். மைதானமே "எருமை! எருமை!" என்று அதிர்ந்தது. இரண்டு கோல் அடித்து ஜெயித்தோம். அல்ஹம்துலில்லாஹ். பட்டனைச் சரிசெய்யப் போனேன். "இருக்கட்டும் பாய்," என்று பிள்ளைகள் அப்படியே மைதானத்தைச் சுற்றி வந்தார்கள்.

இப்போது தலைகீழாக மாட்டினால் ராசி என்று சிலர் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். ராசியெல்லாம் கிடையாது. ஓடியவர்கள் பிள்ளைகள், கொடுத்தவன் இறைவன். இன்னும் சிலர் கவுரவத்துக்காக எருமையைக் காளையாக்கிச் சொல்கிறார்கள். இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் நடந்தது நடந்தபடி சொல்லுங்கள். எருமை எருமையாகவே இருக்கட்டும். என் பேச்சை வேண்டுமானால் விட்டுவிடுங்கள். நாங்கள் தொழுத நேரமெல்லாம் அதைக் கையுறைக்குள் வைத்துக் காத்தவரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.