அப்பா எடுத்த போன்

என் பயோடேட்டாவில் இரண்டு போன் நம்பர்கள் இருந்தன. முதலாவது என்னுடையது, இரண்டாவது அப்பாவுடையது. கல்லூரியில் கொடுத்த மாதிரியில் மாற்று எண் என்று ஒரு இடம் விட்டிருந்தார்கள். காலியாக விட்டால் ஏதோ குறை என்று நினைப்பார்களோ என்று அப்பாவின் நம்பரைப் போட்டேன். அப்பாவிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பாவுக்குத் தி.நகரில் துணிக்கடை. அப்படிச் சொன்னால் ஏழு மாடியும் லிஃப்ட்டும் வாசலில் பன்னீர் தெளிக்கும் பெண்களும் நினைவுக்கு வரும். எங்களுடையது ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில், இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டிய கடை. ரவிக்கைத் துணி, உள்பாவாடை, ஃபால்ஸ், லைனிங். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மீசை முளைக்கும் வயதில் வந்தவர். ஆள் வந்துவிட்டாரே தவிர, பேச்சு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்த மாதங்கள் அவை. கூடப் படித்தவர்கள் பலருக்கும் கல்லூரிக்கே வந்து வேலை கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் கடைசிச் சுற்றில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பிறகு நானாக இணையத்தில் விண்ணப்பம் போட ஆரம்பித்தேன். பதில் என்று எதுவும் வராது. மாலையில் அபிராமபுரத்தில் ஒரு வீட்டுக்குப் போய் எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். அந்த நேரத்தில் போனை சைலன்ட்டில் போட்டு பைக்குள் வைத்துவிடுவேன்.

அப்படி ஒரு மாலையில் டியூஷன் முடிந்து போனைப் பார்த்தால், தெரியாத நம்பரிலிருந்து மிஸ்டு கால். திரும்பக் கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. பஸ் பிடித்துக் கடைக்குப் போனேன். கூட்டம் சற்று ஓய்ந்திருந்தது. அப்பா துணியை மடித்துக்கொண்டே, நல்ல காரியம் செய்தவர் போலச் சொன்னார்.

"இந்த லோன்காரிகளுக்கு இன்னைக்கு ஒரு முடிவு கட்டிட்டேன்."

"என்னப்பா?"

"தெனமும் நாலு போனு வருதுல்லா. இன்னைக்கு யாவாரம் நடக்குத நேரத்துல ஒருத்தி கூப்பிட்டு, இங்கிலீஷ்ல என்னமோ சொல்லுதா. எனக்கு லோனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், ஒங்களுக்கு வேற சோலியே இல்லையான்னு கேட்டு விட்டேன்."

அவர் போனை வாங்கிப் பார்த்தேன். அதே நம்பர்.

கடைக்குப் பின்னால் பெட்டிகள் அடுக்கியிருந்த இடுக்கில் நின்று மறுபடியும் கூப்பிட்டேன். இந்த முறை எடுத்தார்கள். ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, ஹெச்.ஆர். பிரிவிலிருந்து பேசுவதாக ஒரு பெண்குரல் சொன்னது. பனிக்கட்டி போன்ற குரல். கணக்குப் பிரிவில் பயிற்சி வேலை, நேரில் வர முடியுமா, எந்த மெயிலுக்கு விவரம் அனுப்ப வேண்டும் என்று வரிசையாகக் கேட்டார். பயோடேட்டாவில் இருக்கும் மெயில் பிழையாக இருப்பது போலத் தெரிகிறது, ஒருமுறை சொல்லுங்கள் என்றார்.

அதில் பிழை இல்லை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது என் சித்தி மகள் விளையாட்டாக உண்டாக்கிக் கொடுத்த மெயில் அது. அதையே கல்லூரி முடியும்வரை வைத்திருந்தேன்.

"ஸ்வீட் ராட்சசி, மேம்," என்றேன்.

"சாரி?"

லைனிங் துணி கேட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்க்க, நான் எழுத்து எழுத்தாகச் சொன்னேன். எதிர்முனையில் சிரிப்பு ஒன்றும் கேட்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. "மேம், அப்பா தெரியாம..." என்று ஆரம்பிப்பதற்குள், மெயில் வரும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. வாட்ஸாப்பில் மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்பினேன். அனுப்பிய பிறகு அதில் 'ரெஸ்பெக்டட்' என்ற சொல்லில் ஒரு எழுத்து விட்டுப்போனதைப் பார்த்து, அதற்கு மன்னிப்புக் கேட்டு இன்னொன்று. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, தொந்தரவு அழைப்புகள் நிறைய வருகின்றன என்று விளக்கி இன்னொன்று. கைகூப்பும் படம் ஒன்று. நான்கிலும் நீலக் குறி விழுந்தது. நெடுநேரம் கழித்து ஒற்றைச் சொல் வந்தது: 'நோட்டட்.' அந்தச் சொல்லுக்கு என்னென்ன அர்த்தம் இருக்க முடியும் என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே கீழே வைத்தார். "வேலைக்கா கூப்பிட்டாவ?" என்று மட்டும் கேட்டார்.

நேர்காணல் நாளன்று நான் மெட்ரோவில் போகிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. கடையைப் பக்கத்துக்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். கையில் கடையின் மஞ்சள் பை. அதில் என்ன என்று நான் கேட்கவில்லை. பட்டறைகளும் கண்ணாடிக் கட்டடங்களும் கலந்து கிடக்கும் தெருவில் வண்டியை நிறுத்தியதும், "நானும் மேல வந்து அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருதேன்," என்றார்.

"வேண்டாம்பா. இங்கெல்லாம் அப்படி வரக்கூடாது."

சட்டென்று சொல்லிவிட்டேன். அவர் சட்டையின் தோளில் எப்போதும் போல நூல்பிசிறுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைத் தட்டிவிட்டிருக்கலாம். வாசலில் கழுத்தில் அட்டை தொங்க நின்ற என் வயதுக்காரர்கள் எங்களைப் பார்க்கிறார்களா என்பதில்தான் என் கவனம் இருந்தது.

மேலே இரண்டு ஆண்கள் கேள்வி கேட்டார்கள். ஓரத்தில் மடிக்கணினியோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டதும், மனப்பாடம் செய்திருந்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். பாதியில் ஒருவர் குறுக்கிட்டு, கோபமாக இருக்கும் ஒருவரை எப்படிச் சமாளித்தீர்கள், ஒரு அனுபவம் சொல்லுங்கள் என்றார். வாழ்நாளெல்லாம் கடையில் அதைத்தான் பார்த்திருக்கிறேன். சாயம் போய்விட்டது என்று துணியை மேசைமேல் வீசியவர்களை அப்பா உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துப் பேசியதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். ஆனால் அதைச் சொன்னால் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடையைப் பற்றிச் சொன்னால் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். "ஐ வில் பி பேஷன்ட், சார்," என்று நிறுத்திக்கொண்டேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

முடிந்ததும் ஓரத்தில் இருந்த பெண் என்னை லிஃப்ட்வரை கூட்டி வந்தாள். பேசியபோதுதான் அந்தக் குரலை அடையாளம் கண்டேன். இத்தனை நாளும் நான் மேம், மேம் என்று நடுங்கிக்கொண்டிருந்தது இந்தப் பெண்ணிடம்தான். என்னைவிட ஒரு வயது மூத்தவளாக இருந்தால் அதிகம். கழுத்திலிருந்த அட்டையின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கசங்கவில்லை.

"அன்னைக்கு எங்கப்பா பேசினதுக்கு சாரி, மேம்."

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மேம்லாம் வேணாம். நானே ஜாயின் பண்ணி இப்பதான் கால் பண்ண ஆரம்பிச்சிருக்கேன். அன்னைக்கு எங்க டீம் லீட் பக்கத்துல உக்காந்து, நான் எப்படிப் பேசறேன்னு ஸ்பீக்கர்ல கேட்டுட்டு இருந்தாரு. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. நான் ரெஸ்ட்ரூம்ல போய் அழுதேன்."

"சோலி இல்லையான்னு கேட்டாராம்..."

"அது பரவால்ல. உன்னைப் பெத்தவங்க இதுக்காம்மா படிக்க வச்சாங்கன்னு கேட்டாரு. அதான் ஒரு மாதிரி ஆயிடுச்சு. எங்க வீட்ல நான்தான் முதல்ல படிச்சது."

லிஃப்ட் வந்தது. எங்கள் வீட்டிலும் நான்தான் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் கதவு மூடிக்கொண்டது. அப்பா அந்த வார்த்தையை என்னிடம் சொல்லாமல் விட்டது மறதியாலா, கூச்சத்தாலா என்று லிஃப்ட் கீழே இறங்கும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா ஸ்கூட்டரின் அருகிலேயே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு இருந்துச்சா?" என்று அவர் கேட்கும்போதே, பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மேசைமேல் என் சான்றிதழ்க் கோப்பை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு அவளே இறங்கி வந்திருந்தாள்.

அவள் யாரென்று அப்பாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"தாயி, மன்னிச்சிரும்மா. லோனுக்குக் கூப்பிடுதாவன்னு நெனச்சிட்டேன். எம்மவ வயசு ஒனக்கு. அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"ஐயோ அங்கிள், கைய எறக்குங்க. ப்ளீஸ்." அவள் கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அப்பா கையை இறக்கினார். இறக்கிய கை மஞ்சள் பைக்குள் போயிற்று. பாலித்தீன் உறையில் மூன்று ரவிக்கைத் துணிகள். கடையில் இருப்பதிலேயே நல்ல ரகம். அதை நீட்டினார்.

"கடைல உள்ளதுதான். வச்சிக்கிடும்மா."

அவள் ஒரு அடி பின்னால் போனாள். "அங்கிள், கேண்டிடேட் கிட்ட எதுவும் வாங்கக் கூடாது. பார்த்தாங்கன்னா என் வேலை போயிடும்."

கேண்டிடேட் என்றால் என்னவென்று அப்பாவுக்குத் தெரியாது. வேலை போய்விடும் என்பது புரிந்தது. ஆனாலும் நீட்டிய கையை எப்படி மடக்குவது என்று தெரியாமல் அப்படியே நின்றார். நான் அந்தப் பொட்டலத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிப் பைக்குள் திணித்தேன். கோப்பை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் கிட்டத்தட்ட ஓடினாள். கதவருகே அட்டை தொங்கவிட்ட ஒருவன் சிகரெட்டை அணைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இடத்தில் பூமி பிளந்திருந்தால் நான் யோசிக்காமல் உள்ளே போயிருப்பேன்.

சைதாப்பேட்டையில் சிக்னலுக்கு நின்றபோது அப்பா, "லஞ்சம்னு நெனச்சிருக்குமோ?" என்றார். நான் கேட்காதது போல இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் மெயில் வந்தது. என்னை வேலைக்கு எடுக்கவில்லை. கீழே ஒரு வரி மட்டும் அந்தப் பெண்ணே தனியாகச் சேர்த்தது போலிருந்தது: பேசுவதில் பயிற்சி எடுத்தால் நன்றாக வருவீர்கள். அப்பாவிடம், "என் இங்கிலீஷ் போதலையாம்பா," என்றேன்.

"நான் பண்ணுனதுக்கு இல்லையே?"

"இல்லப்பா."

தலையாட்டிவிட்டு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனார். மறுநாள் காலை அம்மா அடுப்படியில் என்னிடம் சொன்னாள்: "உங்கப்பா நேத்துலேர்ந்து சரியாவே சாப்பிடல. நான்தான் எம்மவ பொழப்பக் கெடுத்துட்டேன்னு பொலம்பிக்கிட்டே இருக்காரு."

அன்று கடைக்குப் போனேன். மதியம் ஆள் இல்லாத நேரத்தில் அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, போனில் இருந்த மெயிலை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அவர் குனிந்து, தமக்குப் புரியாத அந்த ஆங்கில எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை என்று முடித்தபோது, "சரி, இதுக்கு நீ என்ன எழுதிருக்க?" என்றார்.

"வேலை இல்லைன்னு வந்ததுக்கு என்னப்பா எழுதுறது?"

"ஒண்ணும் எடுக்காமப் போறவங்ககிட்டக்கூட திரும்ப வாங்கன்னு சொல்லித்தான் அனுப்புதோம். எழுது."

எழுதினேன். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, சொன்னதைக் கவனத்தில் வைத்துக்கொள்கிறேன் என்று இரண்டே வரிகள். யாரிடமும் கேட்காமல் நானே எழுதிய முதல் மெயில் அதுதான். வாசித்துக் காட்டினேன்.

"அப்பாவும் விசாரிச்சாருன்னு ஒரு வரி போடுதியா?"

"அதெல்லாம் போடக்கூடாதுப்பா."

"போடக்கூடாதுன்னா வேண்டாம்," என்று அவசரமாகச் சொன்னார். ஏதோ தொடக்கூடாததைத் தொட்டுவிட்டவர் போல, போனின் பக்கமிருந்து கையை எடுத்துக்கொண்டார். இப்போது அடையாறில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். முன்பின் தெரியாதவர்களுக்கு எத்தனையோ மெயில்கள் எழுதிவிட்டேன். அந்த ஒரு வரியைப் போட்டிருக்கலாம். அவள் ஒன்றும் நினைத்திருக்க மாட்டாள்.