தோஞா கிரிசெல்தாவின் அடுப்பு நின்ற இடம்

மசதேப்பே ஊரின் நில அளவையர் எவாரிஸ்தோவுக்கு ஈவிரக்கம் கிடையாது என்பதில் ஊரார் ஒரே கட்சி. சொந்த மச்சானின் கோழிக்கூண்டையே மூன்று விரல் தள்ளிப் போடச் சொன்னவர் அவர். மச்சான் இன்றுவரை கிறிஸ்துமஸுக்கும் முகம் கொடுப்பதில்லை.

நிக்கராகுவாவில் பழைய பத்திரங்கள் எல்லாம் 'வாரா' கணக்கில் பேசும். வாரா என்பது மீட்டரைவிட முக்கால் சாண் குட்டை. ஆனால் ஊர் வாய்க்கு இரண்டும் ஒன்றுதான். நூறு வாரா போ என்றாலும் நூறு மீட்டர் போ என்றாலும் அடுத்த தெருமுனை. தெருமுனைக்குச் சரி, வேலிக்குச் சரிவருமா? வாராவை மீட்டராக மாற்றித் தருவதுதான் எவாரிஸ்தோவின் பிழைப்பு. புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் எழுதாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அப்பேர்ப்பட்டவர் பக்கத்து வீட்டு வேலியை மட்டும் பல வருடமாகக் கண்டும் காணாமல் நடந்தார். அது கிரிசெல்தாவின் வீடு; மரியாதைக்குப் பெண்ணைத் தோஞா, ஆணைத் தோன் என்பது ஊர் வழக்கம். அவள் கணவர் உயிரோடிருந்தபோது எவாரிஸ்தோவின் அப்பாவிடம் இருபத்தைந்து வாரா அகல மனை வாங்கினார். வேலி போடும்போது கையில் கிடைத்தது மீட்டர் நாடா. இருபத்தைந்து என்றால் இருபத்தைந்து! எவாரிஸ்தோவின் நிலத்தில் ஒரு துண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. அதன்மேல்தான் இப்போது விதவையின் சமையற்கட்டு. சனிதோறும் அங்கே அவள் வாழையிலையில் கட்டி அவிக்கும் 'நகத்தமால்' என்ற சோளமாவுக் கொழுக்கட்டையை விற்றுத்தான் அந்த வீட்டில் விளக்கெரிந்தது.

அரசாங்கம் சும்மா இருக்குமா? எல்லா மனையையும் மீட்டரில் அளந்து பதிய வேண்டும் என்றது. சரியாக அளந்தால் அவள் அடுப்பு போகும். தப்பாக அளந்தால் இவர் பெயர் போகும். எவாரிஸ்தோ நன்றாக யோசித்துவிட்டு வேலியோரம் போய் நின்றார்.

"தோஞா கிரிசெல்தா, உங்க சமையக்கட்டு என் நிலத்துல நிக்குது."

சோளமாவு பிசைந்த கை நிற்கவில்லை. "தெரியுமே. அவரு சாகறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத்தான் போனாரு. நீங்க என்னைக்கு வாயத் தெறக்கப் போறீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன், தோன் எவாரிஸ்தோ. மச்சானுக்கு மூணு விரலு, எனக்கு நாலு மீட்டரா?"

"நாலு மீட்டர் அஞ்சு சென்டி."

"அந்த அஞ்ச விட்டுக்குடுக்க மனசு வரலியே உங்களுக்கு!"

"எழுதியே குடுத்துடறேன். சும்மா வெச்சுக்குங்க."

இப்போது கை நின்றது. "சும்மாவா? தானம் வாங்கற வீடா இது? நாளைக்கே அடுப்பப் பேத்து எடுத்துடறேன்."

எவாரிஸ்தோ வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டார். அளவை நூல் எதிலும் இதற்கு வாய்பாடு கிடையாது. "சும்மான்னா சும்மா இல்ல... பண்டமாத்து. நெலத்துக்கு நகத்தமால். வாரம் ஒண்ணு."

"எத்தன காலத்துக்கு?"

"ஆயுசுக்கும்."

"யாரு ஆயுசுக்கு? அளக்கறவரு இப்படி மொட்டையாச் சொல்லலாமா?"

"ரெண்டுல எது குட்டையோ அதுக்கு."

அவள் சிரிப்பை மாவுக்குள் அமுக்கினாள். "பொட்டலத்த வேலிமேல வெச்சுடவா?"

"வேணாம். உள்ள வந்தே சாப்பிடறேன். சூடா."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஸ்டூல் ஒண்ணுதான் இருக்கு. உங்களுக்கு நீங்களே கொண்டாந்துக்குங்க."

பத்திரம் எழுத உட்கார்ந்த நோட்டரி அம்மாள் பேனாவைத் தூக்கிக்கொண்டு கேட்டாள்: "நெலத்துக்கு ஈடா என்னன்னு எழுத?"

கிரிசெல்தா சொல்லச் சொல்ல அம்மாள் எழுதினாள்: சோளமாவு, பன்றிக்கறி, அரிசி, உருளைக்கிழங்கு, ஒரு கொத்துப் புதினா.

"எடை?" என்றார் எவாரிஸ்தோ, பழக்க தோஷத்தில்.

"எடையெல்லாம் கெடையாது. பசி ஆறற மட்டும்னு போடு தாயி."

எவாரிஸ்தோ வாயைத் திறந்தார், மூடினார், கையெழுத்துப் போட்டார்.