மூன்று சார்

மாமாவின் தமிழைப் பற்றிச் சேரப்பணஞ்சேரியில் யாரும் குறை சொன்னதில்லை. மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் அறிவிப்புகளை வாசிப்பவர் அவர்தான். "அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று அவர் முடிக்கும்போது, தூங்கி வழிகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

அம்மா ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலையில் இருந்தாள். லீவு வேண்டுமென்றால் சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் எழுதிப் போட வேண்டும். எனக்கு ஜுரம் வந்த அன்று சாயங்காலம், என் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டே அம்மா தன் போனை மாமாவிடம் நீட்டினாள்.

"சார், பாப்பாவுக்கு ஜொரம் சார், நாளைக்கி வர முடியல சார்னு போடுணா."

"ஒரு வரிக்கு எத்தினி சாரு? முடியலன்றது கொச்சம்மா. கம்முனு இரு, நான் பாத்துக்கறேன்."

மாமா மூன்று சாரையும் எடுத்தார். 'முடியல'வை 'முடியாது' ஆக்கினார். பிறகு கோயிலில் வாசிக்கிற குரலில் படித்துக் காட்டினார். "நாளை வேலைக்கு வர முடியாது. மகளுக்குக் காய்ச்சல்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. டிக் இரண்டும் நீலமாயின, பதில் வரவில்லை. எனக்கு ரசம் சோறு ஊட்டும்போதும் அம்மாவின் கண் போன் மேலேயே இருந்தது. ஒருவழியாக வந்தது பதில்: "சரி. வர வேண்டாம்."

"நாளைக்கி வரத் தேவையில்லன்றாரு, அவ்ளோதான்" என்றார் மாமா.

"நாளைக்கின்னு எங்கணா கீது?"

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். அதில் நாளை இல்லை. அம்மா போன் போட்டாள், சூப்பர்வைசர் எடுக்கவில்லை. என் ஜுரத்தால் அம்மாவின் வேலை போய்விடப் போகிறதே என்று பயந்து, ஜுரம் விட்டுவிட்டதென்று சொல்லிப் பார்த்தேன். அம்மா என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போர்த்திவிட்டாள்.

விடிந்ததும் என்னை மாமாவிடம் விட்டுவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டாள். மாமா கஞ்சி கொடுத்தார், மாத்திரை கொடுத்தார். நடுநடுவே தான் எழுதியதை முணுமுணுத்து, எங்கே பிழை என்று தேடிக்கொண்டிருந்தார். பாவம், ஒன்றும் அகப்படவில்லை.

ஷிப்ட் முடிந்து வந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"வேலை கீது" என்றாள், செருப்பைக்கூடக் கழற்றாமல். "முடியாதுன்னு என்கிட்டயே சொல்றியா, வேற ஆளப் போட்டுக்கறேன்னு லைன்ல எல்லார் முன்னாடியும் கத்துனாரு. கெஞ்சிக் கூத்தாடித்தான் இன்னிக்கி வேலைல நின்னேன்."

"நான் எழுதுனதுல இன்னாம்மா தப்பு?" என்று கேட்டார் மாமா.

"தப்பே இல்லணா. அதுல பயந்தான் இல்ல."

சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். பயம் இல்லாமல் இருப்பது நல்லதுதானே, அதற்குப் போய் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.