தொப்பி தலையில் இருக்கும்வரை

எமில் கோவாலிக் முப்பத்தொரு வருஷம் கண்ணாடித் தொழிற்சாலையில் பாட்டில் பார்த்தவன். வெளிச்சப் பலகைக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக நகரும். கீறலோ கொப்புளமோ உள்ளதைத் தட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அவன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு பாட்டில்கூட வெளியே போனதில்லை என்று மேற்பார்வையாளரே சொல்வார். அந்தப் பேச்சு அவனுக்கு நன்றாகத் தலைக்கேறியிருந்தது. பிற்பாடு அவன் செய்த பாவத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மேற்குப் பென்சில்வேனியாவில் அவர்கள் ஊரில் புதன்கிழமை சாயங்காலம் என்றால் துப்பாக்கிக் கிளப்பில் கூட்டம் கூடும். மேஜைமேல் ஐந்து பௌலிங் கட்டைகளை நிறுத்தி, யார் முதலில் சுட்டுத் தள்ளுவது என்று போட்டி. சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே திரும்ப மருந்து நிரப்பிக்கொள்வது அங்கே பலருக்கும் வழக்கம். எமிலுக்கு வீட்டின் நிலவறையில் அதற்கென்று ஒரு மேஜை இருந்தது. நண்பன் செஸ்டருக்கும் அவன்தான் நிரப்பிக் கொடுப்பான். செஸ்டர் தீயணைப்பு நிலைய மண்டபத்தில் சனிக்கிழமை நடனத்துக்கு அக்கார்டியன் வாசிப்பவன். எமிலின் மனைவி வெர்னா அந்த வாசிப்புக்கு ஆடாத சனிக்கிழமை கிடையாது.

கூட்டில் மருந்து போட மறந்து குண்டை மட்டும் அழுத்தி மூடிவிட்டால், அதைச் சொத்தை என்பார்கள். வெளியே பார்த்தால் நல்லதைப் போலவேதான் இருக்கும். சுட்டால் கூட்டின் அடியில் இருக்கும் சின்னப் பொட்டுவெடி மட்டும் வெடித்து, குண்டைக் குழாயில் பாதி தூரம் தள்ளிவிட்டு நின்றுவிடும். சத்தம் சின்னதாக வரும். அதோடு துப்பாக்கியைக் கீழே வைத்தால் பிழைத்தோம். அவசரத்தில் இன்னொன்றைச் சுட்டால், இரண்டாவது குண்டு போக வழியில்லாமல் குழாயே வெடிக்கும்.

1988 ஆகஸ்டில் செஸ்டருக்கு நடந்தது இதுதான். ‘பொட்’ என்றது, கட்டை விழவில்லை, போட்டி வேகத்தில் மறுபடி அழுத்தினான். இடது கையில் இரண்டு விரல் போயிற்று. தோட்டா எமில் நிரப்பியது.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் செஸ்டரின் மனைவி அழுது அழுது முகம் வீங்கி நின்றாள். "எப்படி எமில்? ஒவ்வொண்ணா பாத்துதானே போடுவே? எப்படி ஆச்சு?" என்றாள்.

எமில் வாயைத் திறந்தான். "பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நடுவுல வெர்னா சாப்பிடக் கூப்பிட்டா. அந்தக் கவனத்துல ஒண்ணு விட்டுப்போயிருக்கும்."

வெர்னா பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவள் முகம் வெளுத்தது. "ஆமா," என்றாள், "நான் கூப்பிட்டேன்."

அவள் கூப்பிட்டது உண்மை. ஆனால் கூப்பிட்டபோது ஐம்பது தோட்டாவும் மூடி முடிந்து, எமில் கை கழுவிக்கொண்டிருந்தான். கூடுகளுக்கு மருந்து ஊற்றிக்கொண்டு வருகையில் வானொலியில் பேஸ்பால் ஆட்டம் சூடு பிடித்தது. ஒரு அடி விழ, இவன் துள்ளி எழுந்து ஓடிப்போய் ஒலியைக் கூட்டினான். திரும்பி வந்து, எந்தக் கூட்டில் விட்டோம் என்று குத்துமதிப்பாகத் தொடர்ந்தான். மூடுவதற்கு முன்னால் டார்ச் அடித்து ஐம்பது கூட்டுக்குள்ளும் பார்ப்பது வழக்கம். அன்றைக்கு ஆட்டம் முடிகிற கட்டம், அதனால் பார்க்கவில்லை. முப்பத்தொரு வருஷம் பாட்டில் பார்த்த மகராசனுக்கு இதைச் சொல்ல நாக்கு எழவில்லை. பெண்டாட்டி தலையில் போட்டுவிட்டான்.

அடுத்த வாரம் வெர்னா ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாள். "தோட்டா போடறப்ப இத மாட்டிக்கோ. இது தலையில இருக்கிறவரைக்கும் வீடே பத்தி எரிஞ்சாலும் நான் வாயத் திறக்க மாட்டேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "நல்ல யோசனைதான்" என்று எமில் மாட்டிக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவனைப் போல ஒழுங்காக நிரப்பியவர் அந்த வட்டாரத்தில் இல்லை. வானொலி மேலே போய்விட்டது. கூடுகளைத் துளைக்கட்டையில் நிறுத்தி, டார்ச் வெளிச்சத்தில் எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்துக்கு நிற்கிறதா என்று வரிசை வரிசையாகப் பார்ப்பான். நடுவில் தும்மினால்கூட கையிலிருந்த கூட்டைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவான். கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவன்தான் பாடம் எடுப்பான். "சத்தம் கம்மியா கேட்டா கைய எடு. குழாய்க்குள்ள குச்சி விட்டுப் பாரு. போட்டி போனா போகுது, விரல் வராது" என்பான். முடிவில் தவறாமல் ஒன்று சேர்ப்பான்: "எல்லாத்துக்கும் மேல, பொண்டாட்டி சாப்பிடக் கூப்பிடாம பாத்துக்கோங்க!" எல்லாரும் சிரிப்பார்கள். கிளப்பின் காலைச் சாப்பாட்டுக்கு அப்பம் சுட்டுக்கொண்டிருக்கும் வெர்னாவுக்கும் அது கேட்கும். அவள் திரும்பிப் பார்த்ததே இல்லை.

செஸ்டர் அக்கார்டியனை விற்றுவிட்டான். வெர்னா ஆடப்போவதை நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாதுமைக் கொட்டை ரொட்டி சுட்டு, முதலாவதைச் செஸ்டர் வீட்டுக்கு எடுத்துப்போவாள். இப்படி இருபத்து மூன்று வருஷம் போயிற்று. எமிலுக்குத் தினமும் உறுத்தியது என்று சொன்னால் அது பொய். சில நாள் உறுத்தும். அந்த நாட்களில் அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு கீழே போய்விடுவான்.

2011 அக்டோபரில் ஒரு காலை, எமில் துளைக்கட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். தலையில் தொப்பி. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மூன்றாம் படியில் வெர்னா வந்து நின்றாள். எமில் திரும்பாமலே ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான்: பொறு. எதிர்ச் சுவரில் கடிகாரம் பத்து இருபது காட்டியது. அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, வாக்குக் கொடுத்தபடியே, ஒரு வார்த்தை பேசாமல் ஏறிப்போனாள். எமில் ஐம்பது கூட்டையும் பார்த்து முடித்தான். ஐம்பதிலும் மருந்து சரியாக இருந்தது.

மேலே வந்தபோது வெர்னா சமையலறைத் தரையில் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது? அத கரெக்டா சொல்லுங்க, முக்கியம்" என்று மருத்துவர் கேட்டார்.

"பத்து இருபது. படியில வந்து நின்னா. நான்தான் கையக் காட்டிப் பொறுன்னுட்டேன். முக்கால் மணி நேரம் கழிச்சுதான் மேல வந்து பாத்தேன்."

மருத்துவர் அந்த முக்கால் மணியைத் தாளில் எழுதி, அடியில் கோடு போட்டார்.

வெர்னா பிழைத்து வீட்டுக்கு வந்தாள். வலது கை விழுந்துவிட்டது, பேச்சு போயிற்று. சொல்வதெல்லாம் புரியும், பதில் மட்டும் வராது. அன்றைக்குப் படியில் நின்று அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது எமிலுக்குக் கடைசிவரை தெரியவில்லை. தலைவலி என்று சொல்ல வந்திருப்பாள். அல்லது கை மரத்துப்போகிறது என்று. படுக்கையில் புரண்டு புரண்டு அதையே நினைத்து மருகினான்.

டிசம்பரில் செஸ்டர் வந்தான். இந்த வருஷம் ரொட்டி அவன் வீட்டிலிருந்து வந்தது. "வெர்னா, பாரு, என் வீட்டுக்காரி சுட்டது. செங்கல்லு மாதிரி இருக்கு. நீ சீக்கிரம் எந்திரிச்சு வராட்டி என் பல்லும் போயிரும்" என்றான்.

வெர்னா ஒரு பக்கமாகச் சிரித்தாள். பிறகு இடது கையால் அவனுடைய குறைந்த கையைப் பிடித்து, விரல் இல்லாத இடத்தைத் தடவினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

செஸ்டர் பதறிப்போனான். "அட, இன்னுமா இத வச்சுக்கிட்டு அழுவுற? சாப்பிடக் கூப்பிட்டது ஒரு குத்தமா? உன்ன நான் எப்பயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கேனா?"

எமில் காப்பித் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தான். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். செஸ்டரின் வண்டி தெருமுனை திரும்பும்வரை காத்திருந்தான், கோழை.

பிறகு அவள் நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்தான். கையில் தொப்பியைத் திருகிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான்: வானொலி, அந்த அடி, பார்க்காமல் விட்ட டார்ச், கை கழுவிக்கொண்டிருந்தபோது வந்த அவள் குரல். "நீ கூப்பிட்டது எல்லாம் முடிஞ்சப்புறம், வெர்னா. உனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. எனக்கு அன்னைக்கே தெரியும்."

வெர்னா அவனை வெகுநேரம் பார்த்தாள். கோபமா என்று தேடினான். அழுகையா என்று தேடினான். அவள் இடது கையை நீட்டினாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்து இவனும் கையைக் கொடுத்தான். அவள் அவன் கையை விட்டுவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டாள். மெதுவாக, ஒற்றைக் கையால் சிரமப்பட்டு, அதைத் தன் தலையில் மாட்டிக் காது மூட இழுத்துவிட்டாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எமிலுக்கு இன்னும் சொல்ல இருந்தது. மன்னிப்பு என்ற வார்த்தையையே அவன் இன்னும் எட்டவில்லை. ஆனால் தொப்பி இப்போது அவள் தலையில் இருந்தது.

இருட்டத் தொடங்கியது. அவன் எழுந்துபோய் முட்டைக்கோசை நறுக்கி, வெண்ணெயில் வதக்கி, நூடுல்ஸைக் கலந்து, அவளுக்குப் பிடித்த மாதிரியே ஹலுஷ்கி செய்தான். இரண்டு தட்டில் போட்டு மேஜையில் வைத்தான். கூடத்து வாசலில் போய் நின்றான். ஜன்னலோரம் சிவப்புத் தொப்பி அசையாமல் இருந்தது. தட்டில் ஆவி அடங்கி, வெண்ணெய் உறையத் தொடங்கியது. சாப்பிட வா என்று அவளைக் கூப்பிட முடியாமல் எமில் அங்கேயே நின்றிருந்தான்.