தமயந்தி அக்கா வாசலில் நிறுத்திய வேம்பயர்

தமயந்தி அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், முதலில் எனக்கு ஒரு தலைவலி மாத்திரை கொடுங்கள் என்பேன். அந்த அம்மாளோடு வேலை செய்து செய்து என் பாதி ஆயுசு போய்விட்டது. மீதியும் போவதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

என் பெயர் இளவேனில். திருப்பத்தூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்தவள். கைபேசியில் கேட்கிற ஒலிக்கதைகளைத் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் தமிழ்க் கதைகளுக்கு எடிட்டர். டிராபிக்கில் மாட்டிக்கொண்டவர்கள், சமைப்பவர்கள், தூக்கம் வராதவர்கள் எல்லாரும் எங்கள் நேயர்கள். அவர்கள் மிக அதிகமாகக் கேட்கிற தொடர் தமயந்தி அக்கா எழுதுவது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்ற எச்சரிக்கையோடு தொடங்கும். யாமினி என்ற ஒரு லேப் டெக்னீஷியனை ருத்ரன் என்ற ரத்தம் குடிக்கும் வேம்பயரும் கஜா என்ற ஓநாய் மனிதனும் காதலிக்கிறார்கள். மூன்று பேரும் பெங்களூரில்தான் இருக்கிறார்கள்.

அக்கா லிங்கராஜபுரத்தில் ஒரு மாடி வீட்டில் மகள் கிருத்திகாவோடு இருக்கிறார். கணவர் ரவி இறந்து வெகுகாலம் ஆகிறது. அடுகோடி என்ற பகுதியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வரவேற்பில் வேலை. வருகிறவர்களிடம் "வெறும் வயித்துலதானே வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் ரத்தம் கொடுக்க உள்ளே போனதும் கைபேசியில் ருத்ரனின் கோரைப்பற்களைப் பற்றி எழுதுவார். அதே அடுகோடியில், நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி அவருடைய ஒரே அண்ணன் சந்திரன் குடியிருக்கிறார். இருவருக்கும் பேச்சு இல்லை. அந்தத் தெருவைத் தாண்டக் கூடாது என்பதற்காகவே அக்கா தினமும் சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போவார். இதெல்லாம் பழகிய புதிதிலேயே எனக்குத் தெரியும். அவர் குடும்ப விஷயம், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

எங்கள் சண்டை எல்லாம் சாஸ்திரத்தைப் பற்றித்தான். வேம்பயர் சாஸ்திரம். உலகம் முழுக்க அதற்குச் சில விதிகள் இருக்கின்றன, அவற்றை மீறினால் நேயர்கள் திட்டுவார்கள் என்று நான் தொண்டை வற்றக் கத்துவேன். அக்கா கேட்டால்தானே!

முதல் தகராறு பெயரில் வந்தது. "ரத்தக் காட்டேரி" என்று போடலாம், தமிழாக இருக்கும் என்றேன்.

"காட்டேரி எங்க வூட்டுக்காரருக்குக் குலதெய்வம் கண்ணு. அவங்களுக்கு வருஷா வருஷம் பொங்க வெக்கறோம். அவங்களப் போயி இவன் கூட சேக்கறியே, வாயில அடிச்சுக்கோ."

அடித்துக்கொண்டேன். வேம்பயர் என்றே வைத்தோம்.

அடுத்து பூண்டு. வேம்பயருக்குப் பூண்டு ஆகாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அக்காவோ, பூண்டு தட்டிப் போடாமல் ரசம் வைக்கிற வீடு எத்தனை இருக்கிறது, இவன் எப்படி ஒரு தெருவையாவது தாண்டுவான் என்று ஒரு வாரம் எழுதாமல் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் ருத்ரன் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நடந்தான். இருநூறு வயது வேம்பயர், இரவுச் சமையல் நேரத்தில் ஒண்டுக் குடித்தனங்கள் வழியாக வாந்தி எடுக்காமல் போக வழி தேடினான். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நேயர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஓநாய் மனிதனையும் விடவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கஜா ஓநாயாக மாறுவான் என்று நான் விதியைச் சொன்னதும், "ஐயோ, அன்னிக்கு அவங்க அம்மா கிரிவலத்துக்கு வேண்டிருப்பாங்களே" என்றார். யார் வேண்டச் சொன்னது? அக்கா கஜாவைத் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஒசூர் தாண்டியதும் அவனுக்கு வால் முளைத்தது. கண்டக்டர் வந்து லக்கேஜ் டிக்கெட் கேட்டார். பயங்கரத் தொடர் என்று விளம்பரம் செய்துவிட்டு இதைத்தான் ஒலிபரப்பினோம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். வாசல் விஷயத்தில்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது.

எங்கள் மேலாளர் அருண்குமார் ஒருநாள் கூப்பிட்டு, இந்த சீசன் முடிவு எல்லாரையும் நடுங்கவைக்க வேண்டும், இல்லையென்றால் தொடரை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்றார். நானே முடிவை யோசித்துக் கொடுத்தேன். வேம்பயர் சாஸ்திரத்திலேயே அருமையான விதி அது. வீட்டில் குடியிருக்கும் ஒருவர் தன் வாயால் கூப்பிட்டால் ஒழிய, வேம்பயரால் வாசற்படியைத் தாண்ட முடியாது. வெளியாள் கூப்பிட்டால் செல்லாது. ருத்ரன் வெறி பிடித்து யாமினி வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். உள்ளே அவளும் அம்மாவும். யாரும் கூப்பிடக் கூடாது. விடிந்தால் அவன் சாம்பல். இவ்வளவுதான். ஒரு நல்ல எழுத்தாளருக்கு ஒரு மாலை வேலை.

அக்கா எழுதி அனுப்பினார். ருத்ரன் வந்து நின்றான். யாமினியின் அம்மா எட்டிப் பார்த்து, "வாங்க தம்பி, ஏன் அங்கியே நிக்கறீங்க? காபி சாப்புடறீங்களா?" என்றார்.

கதை முடிந்தது. நான் போனில் கத்தினேன். அம்மாவை ஊருக்கு அனுப்புங்கள் என்றேன். அனுப்பினார். அடுத்த பிரதியில் யாமினி தனியாக இருந்தாள். கதவைத் திறந்தாள். "நனைஞ்சுட்டீங்களே, வாங்க" என்றாள்.

"அவன் ரத்தம் குடிக்க வந்திருக்கான்கா!"

"குடிச்சிட்டுப் போறான். அதுக்காக வந்தவன வாசல்லயே நிக்க வெச்சுப் பேசறதா? ஆகாதவங்களா இருந்தாலும் வான்னு சொல்லிட்டுதான் சண்டை போடுவோம். உங்க ஊர்ல எப்படியோ."

எங்கள் ஊரிலும் அப்படித்தான். என் பெரியப்பாவை அம்மா ஜென்ம விரோதியாகத்தான் நினைக்கிறாள். அவர் தலை தெரிந்ததும் "வாங்க மாமா" என்பதும் அவள்தான். அதற்காக வேம்பயருக்குமா? அடுத்த பிரதியில் யாமினியின் வாயில் பிளாஸ்திரி ஒட்டச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். பேஜாராகிவிட்டது. ஒருநாள் மதியம் நேரே அடுகோடிக்குக் கிளம்பிப் போனேன்.

நிலையத்தில் கூட்டம் இல்லை. அக்கா டிபன் டப்பாவைத் திறந்துவைத்திருந்தார். நான் நின்ற நிலையில் பொரிந்தேன். ஒரு மனுஷனை வாசலில் நிற்கவைத்து ஒரு காட்சி எழுத வரவில்லை என்றால் எழுத்தாளர் என்று எதற்குச் சொல்லிக்கொள்ள வேண்டும், தொடர் கையை விட்டுப் போகப் போகிறது, அதாவது தெரிகிறதா என்று கேட்டேன்.

அக்கா டப்பாவை மூடினார்.

"எழுத வரலன்னு யாரு சொன்னது? எனக்கு எழுதப் புடிக்கல."

பிறகு தானாகவே சொன்னார். ரவியை வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர் அவர். ரவி இறந்ததும் கைக்குழந்தையோடு போக இடமில்லாமல் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறார். கதவு திறந்தேதான் இருந்தது. அண்ணி காந்தா அடுப்பில் உப்புமா கிளறிக்கொண்டிருந்தார். அண்ணன் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அண்ணி கிளறினார், அண்ணன் டிவியைப் பார்த்தார்.

"நின்னேன். இந்த இடுப்புலருந்து அந்த இடுப்புக்குக் கொழந்தைய மாத்தி மாத்தி நின்னேன். வான்னு ஒரு வார்த்தை வரல. போன்னும் சொல்லல இளா. போன்னு சொல்லிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். அப்புறம் நானே எறங்கி வந்துட்டேன்."

வருத்தமாக இருந்தது, கோபமும் தணியவில்லை. ஆகவே வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அதையே எழுதுங்கக்கா."

"உனக்கு மனுஷத்தனமே கெடயாது" என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார். நான்கைந்து நாள் என் போனை எடுக்கவில்லை. பிறகு எழுதி அனுப்பினார்.

படித்துவிட்டு என் இருக்கையை விட்டு எழுந்துவிட்டேன். நான் கேட்டது வீட்டுக்குள் இருப்பவர்களின் பயத்தை. அவர் எழுதியிருந்தது வெளியே நிற்பவனை. திறந்த கதவுக்கு இந்தப் பக்கம் ருத்ரன் நிற்கிறான். உள்ளே கடுகு வெடிக்கிறது, உப்புமா கிளறும் சத்தம் நிற்காமல் கேட்கிறது, டிவியில் யாரோ சிரிக்கிறார்கள். அவனைப் பார்த்தவர்கள் பார்க்காதவர்கள் போல இருக்கிறார்கள். யாரும் கூப்பிடவில்லை. விடிவதற்குள் அவனே படியிறங்கிப் போகிறான்.

ஒலிபரப்பான அன்று நேயர்கள் கொட்டித் தீர்த்துவிட்டார்கள். அதுவரை ருத்ரனை எரித்துக் கொல்லச் சொன்னவர்கள், "பாவம்டா, கூப்புடுங்கடா அவன" என்று எழுதினார்கள். அருண்குமாருக்கு வாயெல்லாம் பல். எனக்கு மட்டும் வயிற்றெரிச்சல். வில்லனை இப்படி எல்லாரும் அழுகிற மாதிரி செய்துவிட்டால் அடுத்த சீசனில் யாரைக் கண்டு பயப்படுவது? அந்த ஞாயிற்றுக்கிழமையே பையைத் தூக்கிக்கொண்டு லிங்கராஜபுரத்துக்குப் போய் அக்காவின் எதிரே உட்கார்ந்தேன். கிருத்திகா வெளியே போயிருந்தாள். அவர் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, ருத்ரனுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தால் என்ன என்று கேட்டார். வேலை! வேம்பயருக்கு!

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது படியில் ஆள் ஏறிவரும் சத்தம் கேட்டது. மாடிப்படி முடிகிற இடத்தில் அக்காவின் வீட்டு வாசல். கதவு திறந்திருந்தது. காக்கிச் சட்டை போட்ட ஒரு பெரியவர் வந்து நின்றார். செருப்பைக் கீழேயே விட்டிருந்தார் போல, வெறுங்காலோடு இருந்தார். மூக்கைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அக்காவின் மூக்கு அப்படியே.

அக்கா கரண்டியோடு திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். பால் பொங்குகிறது, யாரும் அசையவில்லை. எனக்குத் தாங்கவில்லை. வளர்த்த வளர்ப்பு சும்மா இருக்குமா? எழுந்து நின்று, "வாங்க, உள்ள வாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "நீங்க சொன்னா செல்லாதும்மா. வூட்ல குடியிருக்கறவங்க சொல்லணும்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அது நான் தொடரில் போட்ட விதி.

"நீ கேக்கறியா இந்தக் கதைய?" என்றார் அக்கா.

"மொத பாகத்துலருந்து. ஸ்கூல் வேன் ஓட்டறேன் இல்ல, பசங்கள எறக்கி வுட்டுட்டு சும்னே ஒக்காந்திருக்கற நேரம். ஆரம்பத்துல எழுத்து தமயந்தின்னு சொல்லுவாங்க. நீயாத்தான் இருக்கும்னு கேக்க ஆரம்பிச்சேன். பஸ்ல லக்கேஜ் டிக்கெட் கேட்டப்ப, இந்தக் குசும்பு நீதான்னு ஆயிப்போச்சு." அவர் கதவு நிலையைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். "அவன் வாசல்ல நின்ன பாகத்தையும் கேட்டேன். அதுல ஒண்ணு வுட்டுட்டே நீ. அன்னிக்கு உப்புமா தீஞ்சு போச்சு. அவ கிளறிக்கினேதான் இருந்தா, அடுப்பக் கொறைக்கல. நீ எறங்கிப் போனதுக்கப்புறம் அந்தச் சட்டியத் தொட்டும் பாக்கல யாரும்."

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அக்கா. "நான் வெளிய நின்னேன்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் அக்காவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை. யாரைக் கண்டாலும் அவர் வாயிலிருந்து கொட்டுகிற வார்த்தை, ரத்தம் குடிக்க வந்தவனுக்குக்கூட மூச்சு விடாமல் சொன்ன வார்த்தை, இப்போது வரவில்லை. சொல்லித் தொலையுங்களேன் அக்கா என்று மனதுக்குள் கத்தினேன். கூப்பிடாதீர்கள், கூப்பிடாதீர்கள் என்று அத்தனை நாள் கத்தியதும் நான்தான். எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது.

"அங்கியே நில்லு" என்றார் அக்கா.

"நிக்கறேன்" என்றார் சந்திரன். நின்றார். வெறுங்காலை ஒன்று மாற்றி ஒன்று வைத்து நின்றார்.

அக்கா அடுப்பை அணைத்தார். வழிந்த பாலைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். பிறகு துணியைப் போட்டுவிட்டு, என்னைத் தாண்டி, வாசற்படியைத் தாண்டி வெளியே போனார். அண்ணன் பக்கத்தில் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றார்.

"இன்னும் வாய் வரலண்ணா எனக்கு" என்றார். "ஆனா இங்க ஒத்தையா நிக்கறது எவ்ளோ கஷ்டம்னு எனக்குத் தெரியும்."