அலமாரிக் கதவில் ஒரு சீட்டு

பெரிய வேலையைத் துண்டு போடுவதுதான் என் பிழைப்பு. சென்னையிலுள்ள ஒரு மென்பொருள் குழுவுக்காக, கடல் தாண்டித் தீவிலுள்ள கராச்சர்மாவில் வாடகை வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். ஆறு மாதத்தில் முடிக்க வேண்டியதை, இரண்டிரண்டு வாரத்துக்கான சின்ன வேலைகளாகப் பிரித்துக் கொடுப்பேன். புதிதாகச் சேருகிறவர்களிடம் வாய் வலிக்கச் சொல்வேன்: "துண்டு எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி, அதை மட்டும் கையில கொடுத்தாலும் வாங்குறவருக்கு உதவணும். இல்லன்னா அது துண்டு இல்ல, குப்பை."

கப்பலில் நாள்கணக்கில் போக வேண்டிய இன்னொரு தீவில், கேம்பல் பேயில், அப்பா தனியாக இருந்தார். படகு இன்ஜின் பழுது பார்த்தவர். அம்மா போன பிறகு மூச்சிரைப்பு கூடிவிட்டது. தனியாகக் கப்பலேறப் பயம். நானே போய்க் கூட்டிவந்து என்னோடு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். அன்றைக்கே, பெரிய கெட்டிக்காரி மாதிரி, அதையும் துண்டு போட்டேன். அலமாரிக் கதவு நிறைய மஞ்சள் சீட்டுகள். கட்டில் வாங்குவது. குளியலறையில் கைப்பிடி பொருத்துவது. வெந்நீருக்கு ஹீட்டர். டாக்டரிடம் பேசுவது. கடைசியாக, "போய் அப்பாவைக் கூட்டிவருவது."

ஒவ்வொரு சீட்டாக 'முடிந்தது' பக்கம் நகர்ந்தது. சாயங்காலம் போனில் அப்பாவிடம் சொல்வேன்.

"அப்பா, கைப்பிடி மாட்டியாச்சு."

"அச்சா! அப்பம் இந்த ஜஹாஸ்ல வாரியாட்டி?"

"இந்த ரெண்டு வாரம் போகட்டும்ப்பா. தலைக்கு மேல வேலை."

"சரி சரி, ஆராம்சே வா. நான் எங்க போயிரப் போறேன்?"

கப்பலில் போய்வரப் பத்து நாளாவது லீவு வேண்டும். அதனால் அந்த ஒரு சீட்டை மட்டும் அடுத்த இரண்டு வாரத்துக்குத் தள்ளினேன். பிறகு அதற்கடுத்த இரண்டு வாரத்துக்கு. நடுவில் ஜன்னல் திரை என்று புதிதாக ஒரு சீட்டு எழுதி, அதையும் முடித்துத் தொலைத்தேன். தினமும் ஏதோ ஒன்று நகர்ந்ததால் அப்பா விஷயம் நடந்துகொண்டிருக்கிறது என்றே நம்பினேன், புத்தி கெட்டவள்.

ஒரு நாள் காலைக் கூட்டத்தில், முந்தின நாள் முடித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அப்பாவின் பக்கத்து வீட்டு சர்தார்ஜி, பழைய பட்டாளத்துக்காரர். "பேட்டி, பாப்பா நஹீ ரஹே" என்றார். அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். எனக்குக் கப்பல் கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது.

என்னைக் கூட்டிப்போக, கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்கு சர்தார்ஜிதான் வந்திருந்தார். என் பையை வாங்கிக்கொண்டு ஹிந்தியில் சொன்னார். நான் கட்டில் வாங்கிய சேதி கேட்டதிலிருந்து, கப்பல் வரும் நாளெல்லாம் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு இங்கே வந்து நிற்பாராம். மூச்சு வாங்க வாங்க, கடைசி ஆள் இறங்கும்வரை நிற்பாராம். "அவளுக்கு வேலை ஜாஸ்தி, அடுத்ததில் வருவாள்" என்று சர்தார்ஜிக்கு அப்பாவே சமாதானம் சொல்வாராம்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். கட்டில், கைப்பிடி, ஹீட்டர், திரை எல்லாம் முடிந்தது. அப்பாவுக்கு உதவியது எது? ஊருக்கெல்லாம் நான் சொல்லும் விதிப்படி முதல் சீட்டாக இருந்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஜெட்டியில் இறங்கி அவர் முன்னால் நிற்பது. கட்டில் இல்லையென்றால் என்ன, பாயில் படுத்திருப்பார்.